குழாயடியிலிருந்து தொடங்கட்டும்

தரங்கம்பாடியில் ஓட்டுக் கேட்கப் புறப்படும் அபேட்சகருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பேசுவதற்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர் கட்டிய கோட்டை கண்ணெதிரே நிற்கிறது. 1706-ல் இங்கு வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஊர் இது. மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கரைத்த கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ந் தேதி அந்தக் கடலே ஊருக்குள் புகுந்த கதையும் இருக்கிறது. மேடை கிடைத்தால் இவற்றை வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசிவிடலாம்.

ஆனால் மேடையை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் பேச்சு மாறிவிடும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற கிழவி ஒருத்தி கேட்பாள்: “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, தண்ணி எத்தனை மணிக்கு வரும்? அதைச் சொல்லு.”

“நான் ஜெயிச்சு வந்தா இருபத்துநாலு மணி நேரமும் வரும், ஆத்தா.”

“இருபத்துநாலு மணி நேரம் வேண்டாம். வர்ற ஒரு மணி நேரம் என்னைக்கு, எப்போன்னு தெரிஞ்சாப் போதும். நான் மீன் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போகணும்.”

எந்த ஊரிலும், எந்தத் தேர்தலிலும் நடக்கக்கூடிய சம்பாஷணை இது. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. அபேட்சகர் ஆகாயத்தைக் காட்டுகிறார். ஓட்டர் கேட்பது நேரத்தை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைப்பவரே நல்ல மன்ற உறுப்பினராக முடியும்.

கையில் உள்ளதும் இல்லாததும்

தமிழ்நாட்டின் மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் எல்லாவற்றுக்கும் 2022 பிப்ரவரி 19-ந் தேதி தேர்தல் நடந்தது. தரங்கம்பாடிப் பேரூராட்சியும் அதில் ஒன்று. அதற்கு முந்திய தேர்தல் 2011-ல். நடுவில் 2016 அக்டோபரில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து புது மன்றம் கூடும் வரை ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினார்கள். 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், ஒரு மன்றத்தின் காலம் ஐந்தாண்டுக்கு மேல் நீளக்கூடாது, அது முடியுமுன்பே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது. சட்டம் அப்படி இருந்தும் இவ்வளவு நீண்ட இடைவெளி விழுந்தது. ஆகவே கிடைத்த ஐந்தாண்டு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை அபேட்சகரும் உணர வேண்டும். ஓட்டரும் உணர வேண்டும்.

பேரூராட்சி மன்றத்தின் கையில் இருப்பவை எவை? குடிநீர், தெரு விளக்கு, சாக்கடை, குப்பை, உள்ளூர்ச் சாலை, சந்தை, சுடுகாடு, இடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டு வரி, தொழில் வரி. கையில் இல்லாதவை எவை? அரிசி விலை, மின்சாரக் கட்டணம், பஸ் கட்டணம், பெட்ரோல் விலை, போலீஸ், ரயில். நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் உத்தரவிட்டது மாநில சர்க்கார். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2023-ல் கொடுக்கத் தொடங்கியதும் மாநில சர்க்கார்தான். அவற்றை வார்டு அபேட்சகர் தம் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்பது, அடுத்த வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குத் தாம் பந்தி விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ரயில் வந்தது, 1986-ல் நின்றது. அந்த ரயிலை மறுபடி கொண்டு வர வேண்டும் என்று ஊரார் ஆசைப்படுவது நியாயம். ஆனால் அதை வார்டுத் தேர்தலில் வாக்குறுதியாகக் கொடுப்பவர், ஐந்தாண்டுக்குப் பிறகு தம்மை யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு வாக்குறுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். ‘சாக்கடை ஏன் அடைத்திருக்கிறது?’ என்று கேட்கலாம். ‘ரயில் ஏன் வரவில்லை?’ என்று கேட்டால், ‘டில்லியில் மறுத்துவிட்டார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

முதல் கவலை தண்ணீர்

விலைவாசியைப் பற்றி வார்டு உறுப்பினரால் ஒன்றும் செய்ய முடியாது என்று இதற்குப் பொருளா? இல்லை. குடும்பச் செலவில் அவர் கை வைக்கக்கூடிய இடங்கள் சில உண்டு. அவற்றில் முதலாவது தண்ணீர்.

கடலோரத்து ஊரில் நிலத்தடி நீரில் உப்பு ஏறும். குழாயில் நல்ல தண்ணீர் வராத வீடு, கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கும். கேன் ஒன்று 30 ரூபாய், மூன்று நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மாதம் 300 ரூபாய்; வருஷத்துக்கு 3,600 ரூபாய். ஒரு சிறு வீட்டுக்கு அரையாண்டு வரி 400 ரூபாய் என்று கொண்டால் வருஷ வரி 800 ரூபாய்தான். வரியைப் பற்றி ஊரெல்லாம் கூச்சல் எழுகிறது. வரியைப் போல நாலு பங்குக்கு மேல் கேன் வழியாகப் போவதைப் பற்றிக் கூச்சல் இல்லை. ஏனென்றால் அதற்கு ரசீது கிடையாது, நோட்டீசு கிடையாது. ஏழை வீட்டின் பணம் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு 1873-ல் மேயரான ஜோசப் சேம்பர்லின் என்பவர், தனியார் கம்பெனிகளிடம் இருந்த காஸ் விளக்குத் தொழிலையும் குடிநீர் விநியோகத்தையும் நகரசபைக்கே விலைக்கு வாங்கினார். காஸ் தொழிலில் லாபம் வரட்டும், அது நகரத்துக்குப் பயன்படட்டும். தண்ணீரில் மட்டும் லாபம் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் பெரிய வியாபாரி. எதில் லாபம் தேடலாம், எதில் தேடக்கூடாது என்று வியாபாரிக்கே தெரிந்திருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்த நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்த பெரியார், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று பெயர் எடுத்தார். பிற்காலத்தில் எதிரெதிர்த் திசையில் நின்று தமிழ்நாட்டை ஆட்டிப் படைத்த இந்த இருவரும் பொதுவாழ்வின் பாலபாடத்தைப் படித்தது குழாயடியிலும் சாக்கடை ஓரத்திலும்தான். சட்டசபைக்குப் போக ஏணியாக மட்டும் வார்டு பதவியை நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏணியின் முதல் படியைச் சரியாக மிதித்தவர்களே மேலே போயும் நிலைத்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அபேட்சகர் கொடுக்கக்கூடிய வாக்குறுதி மிகவும் எளியது. எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கப்படும் என்று தெருமுனையில் பலகை எழுதி வைப்பது. வராத நாளில் ஏன் வரவில்லை என்று மறுநாளே அறிவிப்பது. இதற்குக் கோடி ரூபாய் திட்டம் தேவையில்லை. ஒரு பலகையும் சுண்ணாம்புக் கட்டியும், கூடவே கொஞ்சம் மனசாட்சியும் போதும். நேரம் தெரிந்தால் மீன் விற்கப் போகிறவள் ஒரு நாள் பிழைப்பை இழக்க மாட்டாள்.

சாலை உயர்ந்தால் வீடு தாழும்

தஞ்சைத் தரணியின் கடைமடைக்குச் சாக்கடை ஒரு பெரிய பிரச்னை. நிலம் சமதளம். ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழைநீர் தானாக ஓடிவிடாது. எங்கே எத்தனை அங்குலம் சரிவு என்று அளந்து வைத்தால்தான் ஓடும். கடல் பொங்கி நிற்கும் நாளில் ஆற்று நீரே வெளியேறத் தயங்கும். தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

இந்த நிலத்தில் நடக்கிற ஒரு விநோதத்தைப் பலரும் கண்டிருப்பார்கள். தேர்தல் நெருங்கினால் தெருவுக்குச் சாலை போடுவார்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் விழும். ஒவ்வொரு முறையும் சாலை இரண்டங்குலம், மூன்றங்குலம் ஏறும். நாலு தேர்தல் முடிந்தால் சாலை மேடாகிவிடும், வீடு பள்ளமாகிவிடும். மழைத் தண்ணீர் சாலையிலிருந்து வாசற்படி தாண்டி அடுப்பங்கரைக்கு வரும். பிறகு வீட்டுக்காரர் கடன் வாங்கி வாசலை உயர்த்துவார். வசதி இருப்பவர் உயர்த்திவிடுவார். இல்லாதவர் தண்ணீரில் நிற்பார். ஆக, இலவசமாகக் கிடைத்த சாலைக்கு ஏழை தன் வீட்டையே விலையாகக் கொடுக்கிறான்.

‘சாலை போட்டுத் தருவேன்’ என்கிற அபேட்சகரைப் பார்த்து ஓட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘பழையதைச் சுரண்டிவிட்டுப் போடுவீர்களா, அதன் மேலேயே போடுவீர்களா?’ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத் தெருவைத் தெரியும். பதில் தெரியாதவருக்கு ஒப்பந்தக்காரரை மட்டுமே தெரியும்.

சாக்கடை என்றால் அதில் வேலை செய்கிறவர்களையும் நினைக்க வேண்டும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வலுவாக இயற்றப்பட்டது. துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறை உண்டா, கூலி தேதி தவறாமல் கிடைக்கிறதா, ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்கிறாரா என்று மாதம் ஒருமுறை விசாரிப்பது உறுப்பினரின் கடமை. ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விரும்பி, அதைச் சுத்தம் செய்பவனின் வயிற்றில் அடித்தால் அந்தச் சுத்தம் நிலைக்காது.

வரியும் வசூலும்

வீட்டு வரியைக் குறைப்பேன் என்று சொல்லாத அபேட்சகர் கிடையாது. 2022 ஏப்ரலில் மாநில சர்க்கார் சொத்து வரியை உயர்த்தியது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம். 601 முதல் 1,200 வரை 50 சதவீதம். 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம். அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு. வரியை ஒழுங்காக உயர்த்தும் ஸ்தாபனங்களுக்கே மானியம் என்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் நிபந்தனை வைத்ததும் இதற்கு ஒரு காரணம். எனவே ‘பாதியாகக் குறைப்பேன்’ என்ற பேச்சு வெறும் பேச்சு.

ஆனால் உறுப்பினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் அளவு. 590 சதுர அடி வீட்டை, தாழ்வாரத்தையும் சேர்த்து 620 என்று எழுதிவிட்டால் 25 சதவீத உயர்வு 50 சதவீதமாகிவிடும். 400 ரூபாய் வரி 500 ஆவதற்குப் பதில் 600 ஆகும். அரையாண்டுக்கு 100 ரூபாய், வருஷத்துக்கு 200 ரூபாய் ஓர் அளவுநாடாவின் பிழையால் போகும். குடிசை வீட்டுத் திண்ணையில் இட்லி விற்றால் அதைக் கடை என்று எழுதுவதா, வீடு என்று எழுதுவதா? இப்படிப்பட்ட இடங்களில் படிக்கத் தெரியாதவருக்காக மனு எழுதிக் கொடுத்து, மறு அளவு கேட்டு நிற்பவரே உண்மையில் வரியைக் குறைப்பவர்.

சந்தைக்காரர்களின் கதையும் அதுவே. சந்தையிலும் சாலையோரத்திலும் தினவசூல் உரிமை ஏலத்தில் போவது பல ஊர்களில் வழக்கம். மன்றம் நிர்ணயித்த கட்டணம் ஒன்றாக இருக்கும். வசூலிப்பவர் கேட்பது வேறொன்றாக இருக்கும். ரசீது கேட்டால், ‘நாளைக்கு இந்த இடத்தில் உட்கார வேண்டாமா?’ என்று பதில் வரும். கட்டண விவரத்தைப் பெரிய எழுத்தில் சந்தை வாசலில் எழுதி வைக்க வேண்டும். ரசீது இல்லாத வசூல் செல்லாது என்பதை ஏல நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஓர் உறுப்பினருக்கு உரிமை உண்டு. கூடைக்காரிக்குத் தினம் பத்து ரூபாய் மிச்சமானால், மாதம் 300 ரூபாய். விலைவாசியோடு போராடுவது என்றால் இதுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பேரூராட்சியிடம் பணம் ஏது? வாஸ்தவமான கேள்வி. உள்ளூர் வருமானம் சொற்பம். மாநிலத்தின் சொந்த வரி வருமானத்திலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பத்து சதவீதம் என்று பிரித்துக் கொடுப்பதை நம்பியே பெரும்பாலான பேரூராட்சிகள் பிழைக்கின்றன. பணம் குறைவாக இருக்கிற வீட்டில்தானே எதை முதலில் வாங்குவது என்ற யோசனை முக்கியமாகிறது? அரிசி வாங்கிய பிறகு புடவை வாங்குகிறாள் குடும்பப் பெண். அலங்கார வளைவும் வண்ண விளக்கும் அழகுதான். கோட்டையைப் பார்க்கவும் கடலைப் பார்க்கவும் வெளியூரார் வருவதும் ஊருக்கு நல்லதுதான். ஆனால் வருகிறவர் நடக்கும் ராஜ வீதிக்குப் பிறகுதான் மீனவர் தெரு என்ற வரிசை இருந்தால், அந்த வரிசையைத் திருப்பி வைக்க வேண்டும்.

பொறையார் பாடம்

புதிதாகக் கட்டுவதில் உள்ள ஆசை, இருப்பதைப் பேணுவதில் இருப்பதில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பழுது பார்த்ததற்குக் கல்வெட்டு கிடையாது. 2017 அக்டோபர் 20-ந் தேதி விடியற்காலையில், பொறையாரில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறைக் கூரை இடிந்து விழுந்தது. அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் எட்டுப் பேர் மாண்டார்கள். பழைய கட்டடம். அது பேரூராட்சியின் கட்டடம் அல்ல. ஆனால் பாடம் எல்லாருக்கும் பொது. பஸ் நிலையம், தண்ணீர்த் தொட்டி, பொதுக் கழிப்பிடம், சுடுகாட்டுக் கொட்டகை, மின்விளக்குக் கம்பம் ஒவ்வொன்றையும் வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்பே, ஒரு பொறியாளரைக் கொண்டு பார்த்துப் பட்டியல் எழுதி மன்றத்தில் வைக்க வேண்டும். இதைக் கோருவதற்கு அபேட்சகர் வெற்றி பெற்ற முதல் மாதமே போதும்.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

இதே சோழநாட்டு மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. மேடைதோறும் அதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். நிலமும் சொந்த மனையும் சாஸ்திரப் படிப்பும் உள்ளவருக்கே அதில் இடம். ஏழைக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. இன்று பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமாயிற்று. 2022 தேர்தலில் நடைமுறைக்கும் வந்தது. அந்த இடத்தில் மனைவி பெயரை எழுதிவிட்டுக் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தால், பெற்றது வீண். குடத்தைத் தூக்குகிறவளே மன்றத்தில் எழுந்து பேசினால்தான் தண்ணீரின் அருமை தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

ஆனால் அந்தக் கல்வெட்டில் பின்பற்ற வேண்டிய விதி ஒன்று உண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தார்கள். இன்றைய அபேட்சகர் இதைத் தாமே ஏற்கலாம். வருஷம் இரண்டு முறை, தம் வார்டில் என்ன வேலை, என்ன செலவு, யார் ஒப்பந்தக்காரர் என்று தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதாகச் சொல்லலாம்.

2023 ஜூலையில் பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அறுபது மாதத்துக்கும் கூட்டினால் ஒன்றரை லட்சம். ஒரு தேர்தலில் அதைவிட அதிகம் வாரி இறைப்பவரைக் கண்டால் ஓட்டர் சந்தோஷப்படக் கூடாது. அந்தப் பணம் திரும்பி வரும் வழி எது என்று யோசிக்க வேண்டும். சாலையின் கனத்திலும் சாக்கடையின் சிமெண்டிலும் சந்தை வசூலிலும்தான் அது திரும்பி வரும்.

ஆற்றுக்கு அக்கரை

தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாறு. அதைத் தாண்டினால் காரைக்கால், புதுச்சேரி ஆட்சி. பிரெஞ்சுக்காரர் 1880-லேயே நகரசபைகள் அமைத்த பிரதேசம். அங்கே 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் மறுபடி தேர்தல் அறிவிக்கப்பட்டும் நடக்காமல் நின்றது. பெட்ரோல் மலிவு என்று இக்கரை வண்டிகள் அக்கரைக்குப் போவதுண்டு. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட வார்டு உறுப்பினர் என்று ஒருவர் அக்கரை ஜனங்களுக்கு வருஷக்கணக்காக இல்லாமற் போயிற்று. இக்கரையில் அந்த ஒருவர் கிடைத்தார். ஓட்டின் மதிப்பு அதுதான்.

1845 பிப்ரவரி 22-ல் டென்மார்க் தேசம் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்க உடன்படிக்கை எழுதியது. கோட்டையும் வீதியும் விற்பனையாயின. ஊராரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 177 ஆண்டுகள் கழித்து, 2022-ல் அதே பிப்ரவரி 22-ந் தேதி, அதே ஊராரின் ஓட்டுக்கள் எண்ணப்பட்டன. அன்று விற்றவர் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தார். இனி ஊர் விற்பனை ஆனால், விற்றவர் அந்தந்தத் தெருவிலேயே இருப்பார். வாசலில் கைகூப்பி நிற்கும் அபேட்சகரிடம் பணத்துக்குக் கை நீட்டாமல், “தண்ணி எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்கிற கிழவிக்கு அது தெரியும்.